போனுக்குள் எரிந்த தீயை அணைத்தேன்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொண்டு திருத்திக்கொள்ள வேண்டும். "நீங்க சொல்லுங்க, நான் எழுதித் தாரேன்" என்று மகள் சொன்னாள். நான் வேண்டாம் என்றுவிட்டேன். நடந்ததை அவள் கையில் கொடுத்தால் உப்பு, காரம் எல்லாம் சேர்த்துவிடுவாள். நான் செய்த கூத்தை நானே எழுதினால் கொஞ்சம் மானம் மிஞ்சும்.

போன தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. எம். புதுப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பட்டாசுக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். எனக்கு மருந்து ரூமில் வேலை. மருந்து என்றால் ஆஸ்பத்திரி மருந்து இல்லை. பட்டாசுக்குள் போகிற உப்பு, பொடி எல்லாவற்றையும் நாங்கள் மருந்து என்றுதான் சொல்வோம். அதைச் சலித்துக் கலந்து கொடுக்கிற வேலை. செருப்புப் போடாமல்தான் உள்ளே போக வேண்டும். போனை வாசலிலேயே வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும். அதனால் எனக்குப் பெரிய போன் மேல் ஆசையே வந்ததில்லை. இன்று வரை என்னுடையது பட்டன் போன்தான்.

ஒவ்வொரு ரூம் வாசலிலும் தண்ணீர் வாளியும் மணல் வாளியும் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்குச் சொன்ன பாடம் இதுதான்: பொடிக்குப் பக்கத்தில் நெருப்பைப் பார்த்தால் யோசிக்காதே, யோசிக்கிற நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். மாதம் ஒரு தரம் அதற்குப் பழக்கமும் கொடுப்பார்கள். ஒரே ஒரு தடவை அது நிஜமாகவே தேவைப்பட்டது. ஒரு சாக்கில் பொறி விழுந்தது. என் கை தானாக மணல் வாளிக்குப் போனது. அன்றைக்கு நான்கு பேர் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அதற்குப் பிறகு அந்தப் பாடம் என் தலையில் இல்லை, கையிலேயே தங்கிவிட்டது.

என் மகள் சிவகாசியில் ஒரு கல்லூரியில் வேதியியல் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். எங்கள் வகையறாவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அவளிடம் ஒரு போன் உண்டு. எப்போது பார்த்தாலும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். கேட்டால் "படிக்கேன்பா" என்பாள். படிப்பதற்குப் புஸ்தகம் இல்லையா என்று நான் மனசுக்குள் நினைத்துக்கொள்வேன். வாய்விட்டுக் கேட்டதில்லை. எனக்குக் கூச்ச சுபாவம். பஸ்ஸில் கண்டக்டரிடம் இறங்க வேண்டும் என்று சொல்லத் தயங்கி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்த நாட்கள் உண்டு. பெற்ற மகளிடம் கூடக் கேள்வி கேட்க எனக்கு ஒரு தயக்கம்.

மறுநாள் திங்கட்கிழமை அவள் வகுப்பில் எழுந்து நின்று பேச வேண்டியிருந்தது. ஒவ்வொரு உப்பும் நெருப்பில் என்ன நிறம் காட்டும், ஏன் காட்டும் என்பதுதான் தலைப்பு. நன்றாகப் பேசுகிற இரண்டு பேரை மதுரையில் ஒரு பெரிய ஆய்வகத்தில் பதினைந்து நாள் பயிற்சிக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். அவள் கல்லூரியில் ஒரு மேசைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் நின்று பார்ப்பார்களாம். மதுரையில் ஆளுக்கு ஒரு மேசை. அந்த ஒரு மேசைக்காக அவள் பத்து நாளாகத் தயார் செய்துகொண்டிருந்தாள்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். வீட்டுக்காரி இருக்கன்குடி கோயிலுக்குப் போயிருந்தாள். நான் கொல்லையில் துணி அலசிவிட்டு, மிச்சத் தண்ணீரை வாசலில் நிற்கிற முருங்கைக்கு ஊற்றலாம் என்று வாளியோடு வீட்டுக்குள்ளே நடந்து வந்தேன். மகள் கட்டிலில் உட்கார்ந்து, போனை ஒரு செம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு, யாரோ எதிரில் இருப்பது மாதிரி சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"இப்போ இந்த உப்பை எடுத்து நெருப்புல காட்டப் போறேன்."

எட்டிப் பார்த்தேன். போனில் ஒரு ஜாடி. அதன் மேல் இங்கிலீஷில் நீளமாக ஒரு பேர். எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பேர் எங்கள் ரூமில் டிரம் மேல் ஒட்டியிருக்கும். நடுவில் இரண்டு இடத்தில் சிலுவை மாதிரி ஒரு எழுத்து நிற்கும். இருபத்திரண்டு வருஷமாக அதைப் படம் பார்க்கிற மாதிரி பார்த்துப் பழகியிருக்கிறேன். ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் மகளின் விரல் ஜாடியிலிருந்து பொடியை அள்ளி, அந்த விளக்கை நோக்கிப் போனது. போய்ச் சேர்ந்ததும் ஸ்ஸ்ஸ் என்று ஒரு சீறல். போன் முழுக்கச் சிவப்பு.

அடுத்து நான் பார்த்தபோது வாளி காலியாக இருந்தது.

போன், செம்பு, கட்டில், நோட்டு, மகள் எல்லாம் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. அதோடு விட்டேனா? அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று தெருவுக்கு இழுத்து வந்து, "தீ, தீ" என்று கத்தினேன். நான் சத்தம் போட்டு அந்தத் தெரு கேட்டதே இல்லை.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால் இங்கே யாரும் என்ன ஏது என்று விசாரிக்க மாட்டார்கள். வீட்டுக்கு ஒரு ஆளாவது கம்பெனிக்குப் போகிற ஊர். கண் மூடித் திறப்பதற்குள் எட்டுக் குடம் வந்து நின்றது. ஒருவர் நனைத்த சாக்கோடு வந்தார். எதிர்வீட்டு மதினி, பிள்ளைகள் விளையாடப் போட்டிருந்த மணலை முந்தானையில் அள்ளிக்கொண்டு ஓடி வந்தாள்.

பக்கத்து வீட்டு மச்சான் சாக்கை உதறிக்கொண்டு, "எங்கன மாப்ள எரியுது?" என்றார்.

மகள்தான் சொன்னாள், "போனுக்குள்ள."

எல்லாரும் உள்ளே போய்ப் பார்த்தார்கள். அவள் போனைத் தூக்கினாள். சார்ஜர் ஓட்டை வழியாகத் தண்ணீர் ஒழுகியது. திரையில் இரண்டு கோடு ஓடி, அப்புறம் இருட்டாகிவிட்டது. அது நிஜ நெருப்பு இல்லை, படிக்கிற பிள்ளைகளுக்காக ஒரு வெப்சைட்டில் படமாகச் செய்து வைத்த ஆய்வகம் என்று அவள் எடுத்துச் சொன்னாள். ஜாடியும் படம், விளக்கும் படம், சீறின சத்தமும் படத்தோடு வருவதுதான்.

எட்டுக் குடமும் ஒவ்வொன்றாகத் தரையில் இறங்கியது. பிறகு எதிர்வீட்டு மதினி முந்தானை மணலைப் பார்த்துக்கொண்டே, "அப்ப இதை எங்கன கொட்ட? டிவியில யாரும் அடுப்புப் பத்த வச்சா அங்கன கொட்டிரவா?" என்றாள். அவ்வளவுதான். தெரு முழுக்கச் சிரிப்பு. மச்சான் தன் பங்குக்கு, "சிரிக்காதீக. எம் மாப்ள இருக்க வரைக்கும் நம்ம ஊர்ல எந்தப் படமும் தீப்பிடிக்காது" என்றார். நான் வெறும் வாளியைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

மகள் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. ஈரக் கட்டிலில் உட்கார்ந்து, நனைந்த நோட்டை ஒவ்வொரு தாளாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். பத்து நாள் உழைப்பையும் ஒரு வாளியில் கரைத்துவிட்டேனே என்று இருந்தது.

"தாயி, அம்புட்டும் போச்சா?" என்று கேட்டேன்.

"போனுக்குள்ள எதுவும் இல்லப்பா. எல்லாம் வெப்சைட்ல இருக்கு. வேற போன்ல பேரையும் பாஸ்வேர்டையும் போட்டா வந்துரும். ஆனா இன்னும் நாலு பக்கம் செய்யணும். நாளைக்குக் காலையில முதல் பீரியடே நான்தான்."

அவள் எனக்கு ஆறுதலுக்காகச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். தண்ணீரில் முக்கிய பெட்டிக்குள் இருந்தது வேறு எங்கே போய் இருக்கும்? மச்சான் தன் போனைக் கொடுத்தார். அது பழைய போன். ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசி வரைக்கும் ஒன்றும் திறக்கவில்லை. எனக்குப் பயம் இன்னும் கூடியது. கம்ப்யூட்டர் கிடைத்தால்தான் ஆகும் என்றாள் மகள். அவளை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு திருத்தங்கலுக்குக் கிளம்பினேன்.

எப்போதும் என் தோளைப் பிடித்துக்கொள்கிறவள், அன்று பின்னால் இருக்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆனதால் கம்ப்யூட்டர் வாடகைக்குக் கிடைக்கிற இரண்டு கடையும் பூட்டிக் கிடந்தன. அச்சாபீஸ்கள் இருக்கிற ஒரு தெருவில் மட்டும் ஒரு சின்னக் கடை பாதி ஷட்டரோடு திறந்திருந்தது. கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிற கடை. உள்ளே ஐம்பது வயதுக்கு மேல் ஒரு பாய், மூக்குக் கண்ணாடியை இறக்கி விட்டுக்கொண்டு, ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

மகளைப் பார்த்தேன். அவள், "நீங்களே கேளுங்கப்பா. தண்ணி ஊத்துனது நீங்கதான" என்றாள். நியாயம்தான்.

நான் கடை வாசலில் போய் நின்றேன். சும்மா நின்றால் திருடன் என்று நினைப்பாரோ என்று, கடை போர்டை ஒவ்வொரு எழுத்தாக வாசிக்கத் தொடங்கினேன். வாசித்து முடித்து, மறுபடியும் முதலிலிருந்து வாசித்தேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "போர்டை எம்புட்டு நேரம்ணே வாசிப்பீக? தப்பு எதுவும் கெடக்கா?"

"இல்ல பாய்."

"பத்திரிகை அடிக்கணுமா? பிள்ளைக்குக் கல்யாணமா?"

பின்னால் மகள் தொண்டையைச் செருமினாள். நான் பதறிப்போய், "கல்யாணம் இல்ல பாய். போன்ல தீப்பிடிச்சிருச்சு. நான் தண்ணிய ஊத்திட்டேன்" என்றேன்.

பாய் பயந்து எழுந்துவிட்டார். "பேட்டரி வெடிச்சிருச்சா? பிள்ளைக்குக் கையில காலுல ஒண்ணும் ஆகலையே?"

"வெடிக்கல மாமா. தீப்பிடிச்ச மாதிரி படம் வந்துச்சு. அப்பா மருந்து ரூம்ல இருக்காக. அதான்" என்று மகள் நடந்ததைச் சொன்னாள். தெருவில் குடம் வந்தது, மணல் வந்தது எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பாய் கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை. ஆனால் மகள் சிரித்தது ஒரு நிம்மதியாக இருந்தது.

அவர் கடையில் இருந்ததே ஒரு கம்ப்யூட்டர்தான். தை மாதம் கல்யாண சீசன். ஏழு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து பத்திரிகையைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்களாம். அவர் மணியைப் பார்த்தார், செய்துகொண்டிருந்த பக்கத்தை அச்சுப் போட்டு எடுத்தார், நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார்.

"உக்காரு தாயி. நான் இந்தத் தாள்லயே பிழை பார்த்து வச்சுக்கிடுதேன். ஏழு மணிக்குள்ள முடிச்சிரு, என்ன?"

மகள் உட்கார்ந்து பேரையும் பாஸ்வேர்டையும் தட்டினாள். நான் அவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பக்கம் வந்தது. இரண்டாவது வந்தது. ஒவ்வொன்றாகப் பதினொரு பக்கமும் சொட்டு ஈரமில்லாமல் வந்து நின்றன. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"போன் வெறும் சாவி மாதிரிப்பா" என்றாள் மகள், திரும்பிப் பார்க்காமலே. "பெட்டி வேற எங்கனயோ பத்திரமா இருக்கு. நீங்க சாவியத்தான் நனைச்சீக."

அவள் வேலை செய்துகொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னாள். பக்கம் பக்கமாகப் படம் வைத்துச் செய்ய ஒரு வெப்சைட். இங்கிலீஷ் பாடத்தைக் கொடுத்தால் சத்தமாக வாசித்துக் காட்டுகிற ஒன்று. வீட்டு வேலை செய்துகொண்டே கேட்பாளாம். படித்ததைச் சின்னச் சின்ன அட்டையாக மாற்றித் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்கிற ஒன்று. கணக்கைக் கொடுத்தால் கோடு போட்டுக் காட்டுகிற ஒன்று. அப்புறம் அந்த ஆய்வகம். எல்லாம் இலவசம், எதையும் போனில் இறக்கி வைக்கக்கூட வேண்டாம். அவள் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று இரண்டு வருஷமாக நினைத்தேனே, இதையெல்லாம்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பாய்க்குப் பத்தாவது படிக்கிற மகள் உண்டு. அவர் பிழை பார்த்துக்கொண்டிருந்த சிவப்புப் பேனாவாலேயே, வீணாய்ப் போன ஒரு பத்திரிகையின் பின்பக்கத்தில் எல்லாப் பேரையும் எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு, "நானும் எம் பிள்ளையத் தெனமும் ஏசிக்கிட்டுல்லா இருக்கேன்" என்றார்.

கடைசியில் நான்கு பக்கமும் முடிந்தபோது ஆறரை மணி. அரை மணி நேரம் மிச்சம் இருந்தது. மகள் நாற்காலியைவிட்டு எழுந்தாள்.

"அப்பா, நீங்க உக்காருங்க. அந்த உப்பை நீங்களே காட்டுங்க."

நான் மாட்டேன் என்றேன். பாய் விடவில்லை. "வாளி எதுவும் இங்கன இல்லண்ணே. தைரியமா உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். அந்தப் பெரிய திரையில் ஜாடியும் விளக்கும் வந்தன. மவுஸைப் பிடித்தேன். பொடியை அள்ளினேன். விளக்குப் பக்கம் கொண்டுபோகக் கை மறுத்தது. படம் என்று தெரியும். ஆனாலும் கை கேட்கவில்லை. இரண்டு தடவை பாதியில் திரும்பினேன். மகள் என் கை மேல் தன் கையை வைத்தாள். மூன்றாவது தடவை போய்ச் சேர்ந்தது.

சிவப்பு நிறம் எழும்பியது. செம்பருத்திப் பூ மாதிரி. ஒன்றும் வெடிக்கவில்லை, யாரும் ஓடவில்லை. அது பாட்டுக்கு நின்று எரிந்தது. அடுத்த ஜாடியில் மஞ்சள். அடுத்ததில் கத்தரிப்பூ நிறம்.

இந்த உப்புகளை இருபத்திரண்டு வருஷமாகச் சலித்திருக்கிறேன், தூக்கியிருக்கிறேன், மூக்கில் ஏறாமல் துணி கட்டியிருக்கிறேன். ஒவ்வொன்றும் தனியாக எரிந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. தீபாவளி அன்றும் நான் அண்ணாந்து பார்ப்பதில்லை. வெடிச் சத்தம் கேட்டாலே உடம்பு தானாக வாசலைத் தேடும். நெருப்பைப் பார்த்து ஓடாமல் நான் உட்கார்ந்திருந்தது அந்தக் கடையில்தான். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்து ஷட்டருக்கு வெளியே செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். பாய் காசு எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. மகள் பேசி முடித்து என்ன ஆயிற்று என்று மட்டும் வந்து சொல்லச் சொன்னார். திரும்பி வருகிற வழியில் மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்ததும், "நல்லாப் பேசினேன்பா" என்றாள். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "உங்க கதையையும் சொல்லிட்டேன்" என்றாள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஐம்பது அறுபது பிள்ளைகள் சிரித்திருப்பார்கள். சிரித்தார்களாம். ஆனால் பேராசிரியை அம்மா சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, "நம்ம லேப்ல மணல் வாளி எங்கே இருக்கு, யாராவது சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். ஒருவருக்கும் தெரியவில்லை. தேடிப் பார்த்தால் ஒரு மேசைக்கு அடியில், துடைப்பத்துக்குப் பின்னால், காய்ந்த பேனாவும் மிட்டாய்க் காகிதமும் நிறைந்து கிடந்ததாம். அன்றைக்கே அதைச் சுத்தம் செய்து வாசல் பக்கம் வைக்கச் சொல்லிவிட்டாராம்.

மதுரைக்குப் போகிற இரண்டு பேரில் என் மகளும் ஒருத்தி. மறுநாள் வேலை முடிந்ததும் பாய் கடைக்குப் போனேன். இந்தத் தடவை போர்டை வாசிக்கவில்லை. நேராக உள்ளே போய்ச் சொன்னேன்.

போன் நான்கு நாள் வெயிலில் கிடந்து உயிர் பிழைத்துவிட்டது. சத்தம் மட்டும் ஜலதோஷம் பிடித்த மாதிரி வருகிறது. பிறகு ஒரு நாள், நான் பார்ப்பதற்காக அந்த ஆய்வகத்தில் என் பேரையும் சேர்க்கிறேன் என்று மகள் உட்கார்ந்தாள். பேரைத் தட்டிவிட்டு, "யாருன்னு கேக்குது. என்னன்னு போட?" என்றாள்.

"தொழிலாளின்னு இருக்கா?"

"இல்லப்பா. மாணவர், ஆசிரியர். ரெண்டுதான் இருக்கு."

"அப்ப மாணவர்னு போடு."

"எந்த வகுப்பு?"

எனக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது. "அஞ்சோட நிப்பாட்டிட்டாக" என்றேன்.

"அப்ப ஆறு" என்று சொல்லி, தட்டிவிட்டாள்.

அப்படி நாற்பத்தேழு வயதில் நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் உட்காருகிறேன். காந்தம் பார்த்துவிட்டேன், தண்ணீர் கொதிப்பது பார்த்துவிட்டேன், இப்போது மின்சாரம். புரியாததை மகளிடம் வாய்விட்டுக் கேட்கிறேன். இவ்வளவு காலம் கழித்து ஏன் வந்தாய் என்று அந்த வகுப்பில் என்னை யாரும் கேட்கவில்லை; கேட்டால்கூட, பதில் சொல்வதற்கு இப்போது எனக்கு அவ்வளவு கூச்சமில்லை.

எழுதி முடித்தது: ஆவணி மாதம், இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை.